செவிலிமேட்டில் ஒத்துழைக்காத ஒரு கால்

காலிப் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் இறங்கினேன். என் துணிமணி தோள்பையில் இருந்தது. பெரிய பெட்டி, திரும்பும்போது நிரப்பிக்கொண்டு போவதற்கு. விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முதல் லாட்ஜில் சாவி கொடுத்தவர் வரை எல்லாரும் நான் பட்டுப்புடவை அள்ளிப்போக வந்திருப்பதாக முடிவு கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் கால்மாட்டில் இருக்கும் மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு போக மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, கை கால் தளர்ந்தவர்களுக்கு உதவும் மோட்டார்கள் செய்கிறது. தையல் மெஷினில் தொடங்கி, சக்கர நாற்காலிக்கு வந்து, கடைசியில் கைத்தறியின் மிதிப்பலகைக்கும் வந்து சேர்ந்தோம். நெசவாளி மிதியைக் காலால் தொட்டால் போதும், மிச்ச பாரத்தை மோட்டார் இழுத்துக்கொள்ளும். சோதனைக்காக அதில் ஒன்றைக் காஞ்சிபுரத்தில் ரேவதி என்ற பெண்ணின் தறியில் பொருத்தினார்கள். பொருத்தியவர் அன்றே கிளம்பிவிட்டார். அதன்பிறகு இணையம் வழியாக எங்களுக்கு வந்ததெல்லாம் ஒரே புலம்பல்தான். நூல் அறுகிறது, மோட்டார் திணறுகிறது, மிதி எதிர்க்கிறது. என் மேலாளர் அதற்கு ஒரே வரியில் காரணம் கண்டுபிடித்தார்: "பயனர் ஒத்துழைக்கவில்லை." நேரில் போய்ப் பார், அதையே நீயும் எழுது, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வா என்று எனக்கு உத்தரவு.

அந்த வரியைப் படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தொழிலில் முடி நரைத்தவள் நான். மெஷின் ஓடினால் கம்பெனிக்குப் பெயர், ஓடாவிட்டால் மனுஷருக்குப் பழி. இதை எத்தனை முறைதான் பார்ப்பது?

மோட்டாருக்குள் இருப்பது என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. ஒரு தறியைப் போல இன்னொரு தறி இருக்காது. ஒரே தறியிலும் பூ வரும் வரிசையில் தூக்க வேண்டிய இழைகள் அதிகம், வெற்று வரிசையில் குறைவு. மழைக்காலத்தில் கயிறெல்லாம் கனத்துப்போகும். அதனால் மோட்டாருக்கு இவ்வளவு விசை என்று ஒரேயடியாகச் சொல்லி வைக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்குள் கற்பனையாக ஒரு தறியை ஓட விடுவோம். அதற்குப் பெயர் மாதிரி. மிதியைத் தொட்டதும் இழைகள் இப்படி எழவேண்டும், இவ்வளவு நேரம் நிற்கவேண்டும், இப்படி இறங்கவேண்டும் என்று அது ஆடிக்காட்டும். நிஜத் தறி அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மோட்டார் பார்த்துக்கொண்டே இருக்கும். விலகல் இருக்கும்வரை தன் விசையைக் கூட்டியோ குறைத்தோ தன்னைத்தானே திருத்திக்கொண்டு போகும். மாதிரி சார்ந்த தகவமைப்புக் கட்டுப்பாடு என்று பாடத்தில் நீளமாகச் சொல்வார்கள்.

திருத்திக்கொள்ளும் விதியை எழுதியது நான். மாதிரியை எழுதியவர்கள் வேறு அறையில் இருக்கிறார்கள். அவர்கள் அளவெடுத்தது எங்கள் கம்பெனி இளைஞன் ஃபைசலின் காலை. ஞாயிறு தவறாமல் பந்தாடுகிற கால் அது. இந்த முறையில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மாதிரி தப்பாக இருக்குமோ என்று மோட்டார் ஒருபோதும் கேட்காது. விலகுவது எப்போதும் நிஜம்தான், திருந்த வேண்டியதும் நிஜம்தான். மாதிரியைச் சந்தேகப்படுவது மனுஷர் வேலை. எங்கள் மேலாளர் அதைச் செய்வதில்லை.

முதல் நாள் காலை, லாட்ஜுக்குப் பக்கத்திலிருந்த ஓட்டலில் உட்கார்ந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டேன். பரிமாறுபவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிபன் தானம்மா கேக்குற? இட்லி, வடகறி இருக்குது. காஞ்சிபுரம் இட்லின்னு கேட்டுடாத. எல்லாரும் அதையே கேக்குறாங்க, ஒரு வாய் துன்னுட்டு சுக்கு காரம்னு வெச்சிட்டுப் போயிடறாங்க."

அப்படிச் சொன்னால் விடுவேனா? அதையே கேட்டேன். மிளகும் சுக்கும் தொண்டையில் இறங்கின இடமெல்லாம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியும் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. வடகறியையும் வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குத் தரும் பருப்பு இதன் முன்னால் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காபியில் மட்டும் ஈப்போவை விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே தரும் டம்ளரைப் பார்த்தால், மருந்துக்கு அளந்து ஊற்றியது மாதிரி இருக்கிறது.

செவிலிமேட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. பாலாற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஆட்டோ இருமிவிட்டு நின்றது. "பெட்ரோல் இல்லம்மா, இதோ போறவங்கல்லாம் நடந்துதான் போறாங்க" என்று டிரைவர் ஏதோ எனக்குச் சலுகை தந்ததுபோலச் சொன்னார். வெயிலில் நடந்தேன். ஆற்றில் மணல்தான் இருந்தது. எங்கள் கிந்தா ஆறு கலங்கிய தேநீர் நிறத்தில் ஓடுவதை நான் எத்தனை முறை குறை சொல்லியிருப்பேன்! இனிமேல் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ரேவதியின் வீடு புதிதாகக் கட்டிய வீடுகளின் நடுவே இருந்தது. நாற்பதைத் தாண்டியவள், இடது காலைச் சற்று இழுத்து நடந்தாள். வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு அமாவாசைம்மா. தறியில உக்கார மாட்டோம். நாளைக்கு வா."

"நான் நெய்ய வரலைங்க. மோட்டாரைப் பாக்க வந்தேன்."

"மோட்டாரும் தறியில தான இருக்குது?"

எங்கள் கம்பெனியில் வேலைத்திட்டம் போட்டவர்களுக்கு சீனப்புத்தாண்டு தெரியும், ஹரிராயா என்னும் நோன்புப் பெருநாள் தெரியும். நெசவாளர்கள் அமாவாசைக்குத் தறியைத் தொடமாட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு நாள் போயிற்று.

ஆனால் அவள் என்னை அனுப்பிவிடவில்லை. காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, எனக்கும் இலை போட்டாள். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய் சாம்பார், வடை, பாயசம். நான் பாயசத்தில் கைவைக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"எடுத்துக்கினு போவத்தான வந்துக்கிற?"

"அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"பொய் சொல்லாம ஒத்துக்கினியே, அதுக்காவே இன்னொரு வடை வெக்கிறேன்." வைத்தாள். "கேளு மேடம். ஷேர் ஆட்டோ கவுந்து என் முட்டி போச்சு. உள்ள பிளேட்டு வெச்சிருக்குறாங்க. மிதியை அழுத்தி மிதிக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வீட்டுக்காரரு ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறாரு. தறியக் கழட்டிட்டு, தறிக் குழிய மூடி, அந்த ரூம வாடகைக்கு வுட்டுடலாம்னு அவருக்கு ஆசை. நான் வேணான்னு நின்னுக்கினு இருக்குறேன். உங்க மோட்டாரு வந்ததால தான் என் பேச்சு எடுபட்டுது. அது போச்சுன்னா தறியும் போச்சு."

"ஒரேயடியா வீட்ல உக்கார வெச்சிடுவாங்களா?"

"உக்கார வெப்பாங்க. நான் உக்காந்தா தான?" என்று சிரித்தாள். ஆனால் கை முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. முட்டி வீங்கியிருப்பது புடவைக்கு மேலேயே தெரிந்தது.

"மோட்டார் இருந்துமா இந்த வீக்கம்?"

"அது என் காலோட சண்ட போடுது மேடம். நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யுது. ஆனா நானும் வுடல."

பயனர் ஒத்துழைக்கவில்லை என்பது இதுதான் போலும் என்று நினைத்தேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சாயங்காலம் லாட்ஜில் லேப்டாப் சார்ஜரை எடுத்தால், எங்கள் ஊர்ச் சதுர முள் இந்தச் சுவரில் நுழையவில்லை. மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றைக் காட்டினார்கள். கடைக்காரர் சாதிக் பாய், கழற்றிப் போட்ட மிக்சிகளுக்கும் ஃப்ரிட்ஜ்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். மாற்று முள் ஒன்றைத் தேடிக் கொடுத்துவிட்டு, மலேசியாவில் அவருடைய மச்சான் எந்த ஊரில் இருக்கிறார் என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றதும் மனம் வருந்தினார். இரானி டீயும் சமோசாவும் வரவழைத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் ரேவதி என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். தறி முன்னறையில் இருந்தது. தரையில் வெட்டிய குழியின் விளிம்பில் அவள் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிட, குழிக்குள் மிதிப்பலகையை ஒட்டி எங்கள் மோட்டார். பாவு, அதாவது நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பட்டிழைகள், மாந்தளிர் நிறத்தில் மினுங்கின. இரண்டு ஓரத்திலும் அரக்குக் கரை. பாவின் குறுக்கே ஊடை இழையை இழுத்துப்போகும் நாடா, சின்ன ஓடம்போல, பக்கத்தில் கிடந்தது. அவளுக்கு வலப்பக்கம் இன்னொரு பலகை உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துக் கிடந்தது. அதில் ஆளில்லை.

"மல்லிகா மாகறல் கோயிலுக்குப் போயிக்கிறா. என் நாத்தனாரு. என் முட்டி சரியாவணும்னு வேண்டிக்கினாளாம். அவ இல்லாம ஒரு இழை நெய்ய முடியாது. வெறுமன மிதிச்சிக் காட்டுறேன், பாரு."

மிதித்தாள். இழைகள் எழுந்து நின்று இறங்கின. மறுபடி மிதித்தாள். எழுந்து நின்று இறங்கின. லேப்டாப்பில் மாதிரியின் கோடும் நிஜத்தின் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. எந்தச் சண்டையும் இல்லை, எந்தத் திணறலும் இல்லை. மோட்டார் பூனைமாதிரி உறுமிக்கொண்டு சொன்னபடி கேட்டது. கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தேன், அப்போதும் அதே கோடுகள்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் அழைத்தார். வரைபடங்களை அவரும் ஈப்போவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "பார்த்தாயா? மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பெண் வேண்டுமென்றே முரண்டு பிடித்திருக்கிறாள். கழற்றிவிடு" என்றார். தாம் சொன்னது பலித்ததில் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ரேவதிக்கு அவர் மொழி புரியவில்லை. என் முகம் புரிந்தது. "இன்னா, நான் பொய் சொல்றன்னு நெனைக்கிறியா? வேலையில்லாம என் காலை நானே வீங்க வெச்சிக்குவனா?" என்று சத்தம் போட்டாள். இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே, ஒருவேளை இருக்குமோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அது அப்படியே மேலாளருடைய குரலாக இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவை நம்பாமல் டவுன் பஸ் ஏறினேன். டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் பஸ்சில் கண்டக்டர் என்று யாரும் இல்லை, ஏறுகிறவர்கள் அட்டையைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இங்கே ஒரு நிறுத்தத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறிக்கொண்டிருந்தார். டிரைவர் கியரைப் போட்டுவிட்டார். ஆனால் இடது காலைக் கிளச்சிலிருந்து எடுக்கவில்லை. அழுத்தியபடியே காத்திருந்தார். இஞ்சின் உறுமியது. கூடை ஏறியது, அம்மாள் ஏறினார், கூடையிலிருந்து விழுந்த சரத்தை எடுக்க மறுபடி இறங்கினார்.

"போகலாமே, ஏன் நிக்கிறீங்க?" என்றேன் பொறுக்காமல்.

"விசில் வரலயேம்மா" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல். "கண்டக்டரு ரெண்டு விசில் குடுக்காம நான் கால எடுத்தன்னு வையி, பஸ் போயிடும், அந்தம்மா ரோட்டுல கிடக்கும். கால் வலிக்குதேன்னு எடுத்துட முடியுமா?"

பின்னாலிருந்து விசில் இரண்டுமுறை கேட்டது. அவர் காலை எடுத்தார். பஸ் கிளம்பியது. என் மனம் மட்டும் அந்த நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது. என் கண்முன்னால் இருந்தது ஆளில்லாத அந்த வலப்பக்கத்துப் பலகை.

பஸ்சிலிருந்தே ரேவதிக்குப் போன் போட்டேன். "நீங்களும் மல்லிகாவும் சேர்ந்து நெய்யும்போது, நீங்க நாடா வீசினதும் மிதியிலேருந்து காலை எடுத்துடுவீங்களா?"

"அதெப்படி எடுக்குறது? கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. ரெண்டு ஊடையும் கோத்துக்கணும், அதுக்குப் பேரே கோர்வை. அவ வலப்பக்கத்துக் கரைக்கு நாடாவ அனுப்பி முடிக்கிற வரைக்கும் நான் அழுத்திக்கினு தான் இருக்கணும். எடுத்தா இழை மூடிக்கும், அவ நாடா உள்ள மாட்டிக்கும். இன்னா கேள்வி மேடம் இது?"

"அவ எவ்வளவு நேரம் எடுத்துக்குவா?"

"அவ இஷ்டம். பேசிக்கினே நெய்வா. இழ முறுக்கிக்கினா நின்னு சரி பண்ணுவா. அதுக்குன்னு கணக்கா இருக்குது?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபைசல் தனியாக உட்கார்ந்து மிதித்தவன். மிதித்தான், எடுத்தான். அதனால் எங்கள் மிதியில் தொட்டதை அறியத்தான் கருவி இருக்கிறது, காலை எடுத்ததை அறிய இல்லை. தொட்டால் இழை எழும், கொஞ்சம் நிற்கும், தானாக இறங்கும் என்பதுதான் மாதிரி. இங்கேயோ மாதிரித்தறி இறங்கிவிட்ட பிறகும் நிஜத்தறி மேலேயே நிற்கிறது, ரேவதியின் கால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதால். மோட்டாருக்கு அது பிழை. பிழையைப் போக்க விசையைக் கூட்டுகிறது. கால் விடவில்லை. இன்னும் கூட்டுகிறது. மல்லிகா பேசிக்கொண்டே நாடாவை அனுப்பி, ரேவதி காலை எடுக்கும்போது, தேவையில்லாமல் சேர்ந்துபோன அத்தனை விசையும் இழைகளின்மேல் இறங்குகிறது. நூல் அறுகிறது. அடுத்த மிதிக்கும் அதே வெறியோடு எழுகிறது. இத்தனை நாளும் அந்தப் பெண் பிளேட் வைத்த முட்டியால் என்னுடைய விதியோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்!

அன்று மத்தியானம் சாப்பாட்டைக்கூட மறந்து மேலாளரிடம் வாதாடினேன். மாதிரியை மாற்றவேண்டும், கால் அழுந்தியிருக்கும்வரை மாதிரியும் நிற்கவேண்டும், அந்த நேரத்தில் மோட்டார் தன்னைத் திருத்திக்கொள்வதை நிறுத்திவைக்க வேண்டும் என்றேன்.

"மாதிரி பரிசோதித்து முடிவான விஷயம். ஒரு பயனருக்காக மாற்றமுடியாது."

"ஒருவர் இல்லை. ஒரு புடவையை இரண்டு பேர் நெய்கிறார்கள். உங்கள் மாதிரிக்கு ஒரு கால் மட்டும்தான் தெரியும்."

"அப்படியென்றால் ஒருவராகவே நெய்யச் சொல்" என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே சொன்னார். இந்த ஊர் எத்தனை தலைமுறையாக இப்படி நெய்கிறதோ, அத்தனை பேரும் ஈப்போவில் ஒரு அறைக்குள் இருக்கும் கோட்டுக்காக ஒற்றையாக உட்கார்ந்துகொள்ள வேண்டுமாம். நான் போனை வைத்துவிட்டேன். "நாளை மோட்டாரைக் கழற்றிவிடு" என்று குறுஞ்செய்தி வந்தது. மாதிரியில் யாரும் கைவைக்காதபடி நிரலுக்குள் ஒரு பூட்டு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நிரலின் பாதியை எழுதியவள் நான், எனக்கும் ஒரு சாவி இருந்தது.

நேராக சாதிக் பாய் கடைக்குப் போனேன். கால் எடுத்ததைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சுவிட்ச் வேண்டும், லேசாகத் தொட்டாலும் அழுந்தவேண்டும், எடுத்தால் உடனே வெளியே வரவேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரத்தில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிய வைக்கும் வெள்ளைப் பொத்தானைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இது போதுமா பாருங்க. கதவு மூடினா உள்ள போவும், திறந்தா வெளிய வரும். ரொம்ப நாணயமான சாமான்."

"இதைப் பார்த்தா எங்க கம்பெனியில மயக்கம் போட்டு விழுவாங்க பாய்."

"விழட்டும்மா. எழுந்துக்குவாங்க."

மூன்றாம் நாள் உத்தரவுப்படி காலிப் பெட்டியையும் உருட்டிக்கொண்டுதான் போனேன். மறுநாள் எனக்கு விமானம். பெட்டியைப் பார்த்ததும் ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு தறிப்பக்கம் போனாள். மல்லிகாதான் முதலில் பேசினாள். குண்டான, சிரித்த முகம். மாகறலிலிருந்து கொண்டுவந்த விபூதியை என் நெற்றியில் இட்டுவிட்டு, "வெச்சிக்க. அப்புறமா எடுத்துக்கினு போ, உன் மோட்டார. சாமி பாத்துக்கும்" என்றாள். வாழ்த்தா சாபமா என்று எனக்கு விளங்கவில்லை.

"இன்னும் எடுக்கலைங்க. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து நெய்யுங்க. எப்பவும்போல பேசிக்கிட்டே."

நெய்தார்கள். லேப்டாப்பில் பார்த்தேன். நான் நினைத்தது அப்படியே நடந்தது. மல்லிகா பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்தி போதாமல் போனதைச் சொல்லிக்கொண்டே நாடாவைக் கையில் வைத்திருக்க, மோட்டார் அடியில் உறுமத் தொடங்கியது. ரேவதி பல்லைக் கடித்தாள். "பாரு, பாரு, இழுக்குது" என்றாள். நிறுத்தச் சொன்னேன்.

குழிக்குள் இறங்கி, மிதியின் அடியில் ஃப்ரிட்ஜ் பொத்தானை வைத்துக் கட்டினேன். பிறகு மாதிரியின் பூட்டைத் திறந்தேன். இறங்கும் கட்டளையை எடுத்துப் பொத்தானின் கையில் கொடுத்தேன். கால் அழுந்தியிருந்தால் மாதிரி நிற்கும், மோட்டார் எதையும் கற்காது. கால் எழுந்தால்தான் எல்லாம் இறங்கும். அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினார்கள்.

"இப்ப மிதிங்க."

மிதித்தாள். படாரென்று எழுந்தது. சில இழைகள் தெறித்து அறுந்தன. மல்லிகா "ஐயையோ" என்று கத்தினாள். ரேவதி என்னைப் பார்த்த பார்வையில் நான் குழியிலேயே புதைந்துபோயிருப்பேன். சற்று முன்பு நெய்தபோது கூட்டிக்கொண்ட விசை மோட்டாரின் நினைவில் அப்படியே தங்கியிருந்திருக்கிறது. அதை அழிக்க மறந்துவிட்டேன். அழித்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்கட்டும்.

அறுந்த இழைகளை ரேவதி ஒவ்வொன்றாகப் பிணைத்தாள். வாசலில் அவள் கணவர் வந்து நின்று பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, இது ஆவாதுன்னு" என்றார்.

"நீ போய் டீ குடி" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

மறுபடி மிதித்தாள். இந்த முறை இழைகள் தூக்கக்கலக்கத்தில் எழுவதுபோல மெதுவாக, பாதிதான் எழுந்தன. அடுத்த மிதிக்கு இன்னும் கொஞ்சம். மோட்டாருக்கு இப்போது ஒன்றும் தெரியாது, தறியின் பாரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலைந்து மிதிக்குள் சரியான உயரத்துக்கு வந்துவிட்டது. ரேவதி நாடாவை வீசினாள். வலப்பக்கம் மல்லிகா கரை நாடாவை எடுத்தாள், எடுத்தவள் அனுப்பாமல் கையில் பிடித்துக்கொண்டாள். வேண்டுமென்றே. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

உறுமல் இல்லை. ரேவதியின் கால் மிதியில் சும்மா இருந்தது. மோட்டாரும் சும்மா இருந்தது.

"காத்துக்கினு இருக்குதுடி" என்றாள் ரேவதி, அடிக்குரலில். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

மல்லிகா நாடாவை அனுப்பினாள். ரேவதி காலை எடுத்தாள். இழைகள் மெத்தென்று இறங்கின. ஊடையை அடித்துச் சேர்த்தாள். மறுபடி, மறுபடி. வாசலிலிருந்த கணவர் டீ குடிக்கப் போகாமல் அங்கேயே நின்றிருந்தார். மல்லிகா கல்யாணப் பந்திக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மாந்தளிரும் அரக்கும் சேருமிடம் விரல்கடையளவு வளர்ந்தது. எங்கும் இழை அறவில்லை.

மேலாளர் அழைத்தார். வரைபடம் திடீரென்று மாறியதை அங்கே பார்த்திருப்பார். பூட்டு திறந்ததையும் பார்த்திருப்பார். ஆனாலும் நேராக அதைக் கேட்கவில்லை, அவர் வழக்கம் அப்படி.

"என்ன நிலவரம்? பயனர் ஒத்துழைக்கிறாரா?"

தறிச்சத்தம் கேட்கட்டும் என்று போனைச் சற்று முன்னே நீட்டிவிட்டுச் சொன்னேன்: "இல்லை. பயனர் ஒத்துழைக்கவில்லை, இனியும் ஒத்துழைக்கமாட்டார். இப்போது மெஷின் ஒத்துழைக்கிறது. மோட்டார் இங்கேதான் இருக்கும். நான் காலிப் பெட்டியோடு வருகிறேன்."

வந்ததும் என் வேலையைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும் என்றார். பேசலாம் என்றேன். எதிர்முனை துண்டித்தது.

"இன்னாக்கா சொல்றான்?" என்று ரேவதி கேட்டாள். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று நான் கவனிக்கவில்லை.

"நீங்க ஒத்துழைக்கிறீங்களான்னு கேட்டான். இல்ல, ஒத்துழைக்கலைன்னு சொல்லிட்டேன் லா." எங்கள் ஊர்ப் பேச்சின் "லா" தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"கரெக்டா சொன்ன" என்றாள். அவளுடைய கால் மிதியில் அழுந்தியிருந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுக்கா, வெளிச்சம் மறைக்குது. அவ நாடா இன்னும் வரல."